ரோமாபுரியில உக்காராதே கண்ணு

வா கண்ணு, உக்காரு. இப்பவே நல்லாச் சாஞ்சு உக்காந்துக்கோ. நீ போற ஊர்ல உக்காந்தா தண்டம் போடுவாங்க. அந்தக் கதையைப் பொறவு சொல்றேன்.

மிலான்ல பனியன் ஆர்டர் பேசப் போறவன், நடுவுல ஒரு நாளை மிச்சம் புடிச்சு ரோமாபுரியைக் காலாலயே சுத்திப் பாக்கப் போறயாமா? உங்கம்மா சொன்னா. மெத்தச் சந்தோசம். போன்ல ஏதோ பட்டியல் வெச்சிருக்கயாமே, குடு பாப்போம். அடேயப்பா, பத்தொம்பது எடம்! ஒவ்வொண்ணுக்கும் நேரக் கணக்கு வேற. பதினொண்ணாவதுக்கு நாப்பது நிமிசம் போட்டிருக்கயே, அது வாட்டிகன். தனி நாடு சாமி அது. ஒரு நாட்டை நாப்பது நிமிசத்துல பாத்து முடிச்சுருவயா? போப்பாண்டவருக்கு ஒரு கும்புடு போடற நேரமும் அதுலயே சேந்துருச்சா, இல்லை அதுக்குத் தனியா?

பட்டியலைக் கிழிச்சுப் போடுன்னு நான் சொல்லலை. போன்ல இருக்கறதைக் கிழிக்கவும் முடியாது. அப்புடியே வெச்சுக்கோ. ராத்திரி ரூமுக்கு வந்து, போகாத எடத்துக்கெல்லாம் சாவகாசமா டிக் அடிச்சுக்கலாம். யாரு வந்து கேக்கப் போறாங்க?

எனக்கு ரோமாபுரி எப்புடித் தெரியும்னு பாக்கறயா? உன்ற சித்தப்பன் நெசவு மிசின் பாக்க இத்தாலிக்குப் போனப்ப, ஒத்தையில போகப் பயந்துக்கிட்டு என்னையும் இழுத்துட்டுப் போனான். அவன் செலைங்க மொகத்தைப் பாத்துட்டே நடந்தான். நான் அந்தச் செலைங்க வாயில தண்ணி கொட்டுதே, அது எங்கிருந்து வருதுன்னு கேட்டுட்டுத் திரிஞ்சேன். வாய்க்கால் பாசன சபையில தலைவரா இருந்து தொண்டைத் தண்ணி வத்துனவன் வேற என்னத்தைக் கேப்பான்? வழிகாட்ட வந்த பொண்ணு மொதல்ல சிரிச்சா. பொறவு அவளுக்கே ருசி தட்டிருச்சு. ஊருக்கு வந்ததும் சோலி இல்லாத நேரத்துல நானும் நாலு பொஸ்தகத்தைப் பொரட்டினேன். அதனால சொல்றேன். ஒரு ஊருக்குப் போனா தண்ணி எந்த வழியா வருது, பண்டம் எங்க எறங்குது, கழிவு எக்கட்டப் போகுதுன்னு பாரு. அது தெரிஞ்சா ஊரு தெரிஞ்சுது. மத்ததெல்லாம் மேல பூசின சுண்ணாம்பு. நீ சுண்ணாம்பைத்தான் போட்டோ எடுப்பே, எடுத்துக்கோ.

மொதல்ல காலுக்குப் போடறது. மிலான்காரனுக்குக் காட்டறதுக்குன்னு கூர்மூக்கு பூட்ஸு ஒண்ணு வாங்கியிருக்கயல்ல, அதையே போட்டுட்டு ரோமாபுரியிலயும் நட. அங்க பழைய தெருவெல்லாம் கருங்கல்லைச் சின்னச் சின்னதா வெட்டி மணல்ல பதிச்சிருப்பாங்க. சாம்பியெத்ரீனின்னு அதுக்குப் பேரு. ஒவ்வொரு கல்லும் நடுவுல கொஞ்சம் ஒசந்து நிக்கும், சந்துல குதிகால் சிக்கும், மழை பேஞ்சா வழுக்கும். புது பூட்ஸோட மத்தியானம் வரைக்கும் அதுல நடந்தயின்னா, ரோமாபுரியில வேற எதையும் பாக்கற தொல்லையே உனக்கு இருக்காது. உன்ற கொப்புளத்தைப் பாத்துட்டே பொழுதைப் போக்கலாம். அது வேண்டாம்னா, பழகின செருப்பை எடுத்துட்டுப் போ. அந்தத் தெருவுல உன்ற காலை யாரும் பாக்கப் போறதில்லை. எல்லாரும் அண்ணாந்துட்டுத்தான் நடப்பாங்க.

அடுத்தது தண்ணி. வெறும் பாட்டிலு ஒண்ணு கையில இருந்தாப் போதும். தெருவுக்குத் தெரு வார்ப்பிரும்புல இடுப்பொசரத்துக்கு ஒரு கொழா நிக்கும். மூக்கு வளைஞ்சு தொங்கும், அதனால நசோனே, பெரிய மூக்கன்னு ஊர்க்காரங்க கூப்புடுவாங்க. 1870கள்ல வெக்க ஆரம்பிச்சது, இப்ப சுமார் 2,500 இருக்குது. ஐஸு வெச்சதாட்டம் குளுந்த தண்ணி, காசு இல்லை. குடிக்கறதுக்கு ஒரு சூட்சுமம் இருக்குது. மூக்கு நுனியை வெரலால அடைச்சியின்னா, மேல இருக்கற சின்ன ஓட்டை வழியாத் தண்ணி வளைஞ்சு மேல எழும்பும். குனியாமக் குடிச்சுக்கலாம். பழகாதவன் அடைச்சா நேரா மூஞ்சிக்கு வரும். போற வர்றவங்க சிரிப்பாங்க, நீயும் சிரிச்சுக்கோ. பாட்டில் தண்ணி வித்துப் பொழைக்கறவங்களுக்கும் குடும்பம் இருக்குது, பாவம்னு தோணுச்சுன்னா அங்கயும் ஒண்ணு வாங்கு. வங்காளதேசத்துப் பையங்க நெறையப் பேரு அப்புடி விப்பாங்க. வெய்யில்னா தண்ணி, ஒரு தூத்தல் உழுந்தா அடுத்த நிமிசம் அதே கையில கொடை. வியாபாரம்னா என்னன்னு மிலானுக்குப் போறதுக்கு முன்னால அவங்ககிட்டக் கத்துக்கோ.

அந்தக் கொழாயை மூடவே மாட்டாங்க கண்ணு. ராவும் பகலும் ஓடும். அதைப் பாத்து எனக்கு நெஞ்சு பதைச்சுப் போச்சு. 2017ல மழை பொய்ச்சப்ப மட்டும் கொஞ்சத்தை மூடினாங்களாம். அந்த ஊருக்குத் தண்ணிப் பஞ்சம் பழக்கமில்லை. பழைய காலத்துலயே 11 பெரிய வாய்க்கால் மலையில இருந்து ஊருக்குள்ள வந்துச்சு. கி.பி. 97ல ஃபிரான்டினஸ்னு ஒருத்தரைத் தண்ணி அதிகாரியாப் போட்டாங்க. பெரிய மனுசன், பதவிக்கு வந்ததும் வாய்க்கால் வாய்க்காலா அளந்து பாத்திருக்கறாரு. ஏட்டுல இருக்கற கணக்குக்கும் ஓடற தண்ணிக்கும் பொருத்தமில்லை. தோண்டிப் பாத்தா, தண்ணி உடற ஆளுங்களே தெருவுக்கு அடியில கள்ளக் கொழா போட்டுக் கடைக்காரங்களுக்கு வித்திருக்கறாங்க. வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரங்க கரையை ஒடைச்சுப் பாய்ச்சியிருக்கறாங்க. அத்தனையும் எழுதி வெச்சிருக்கறாரு மனுசன். அதைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன். ராவோட ராவா மோட்டாரைப் போட்டு நம்ம வாய்க்கால்ல இழுக்கற பயலுக பேரு வேற, ஊரு வேற, ஆனா சாதி ஒண்ணுதான். எகிப்துப் பிரமிடு வெட்டி, கிரேக்கன் கட்டினதெல்லாம் பேருக்குத்தான், எங்க வாய்க்காலைப் பாருங்கன்னு அந்தாளு மார்தட்டியிருக்கறாரு. எனக்குப் புடிச்ச ரோமாபுரிக்காரன் அவன் ஒருத்தன்தான். உன்ற பட்டியல்ல அவன் பேரு இல்லை.

சரி, கொலோசியம். வெள்ளெனவே போயிரு. டிக்கெட்டை இங்க இருக்கறப்பவே நேரம் குறிச்சு வாங்கிரு, இல்லாட்டி வரிசையில நின்னு முன்னால நிக்கறவன் முதுகைத்தான் ஆராய்ச்சி பண்ணோணும். வாசல்ல தகர வாளும் செவப்புத் துண்டுமா கிளாடியேட்டர் வேசம் கட்டினவன் ஒருத்தன் வந்து தோள்ல கையைப் போடுவான். போட்டோவுக்குச் சிரிச்சுட்டயின்னா காசு கேப்பான். சிங்கத்துக்கு முன்னால நின்னவங்க வம்சம்னு நெனச்சுக் குடுத்துராதே.

அந்த எடம் என்னன்னு தெரியுமா? நீரோ மகராசன் அரண்மனைக்கு முன்னால அழகுக்கு ஒரு ஏரி வெட்டி வெச்சிருந்தான். அவன் போனதும் வெஸ்பாசியன்னு வந்தவன் ஏரியைத் தூத்து இந்தக் கட்டடத்தை எழுப்பினான். அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80ல தெறப்பு விழா நடத்தினான். ஏரியை மூடிக் கட்டடம் கட்டறதுல நம்ம ஆளுங்கதான் கெட்டிக்காரங்கன்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேன், அந்தப் பெருமையும் போச்சு. ஆனா ஒண்ணு, அவிய வடிகாலை மொதல்ல போட்டுட்டுத்தான் கட்டினாங்க. சுமார் 50,000 சனம் உக்காரும். 80 வளைவு வாசல், அதுல 76க்கு நம்பர் போட்டிருக்கும். வெளிய நின்னு அண்ணாந்து பாத்தா சில வாசலுக்கு மேல அந்த ரோமானிய எண்ணு இன்னும் தெரியுது. அன்னைக்கு வந்த சனம் டிக்கெட்டைப் பாத்து வாசலைக் கண்டுபுடிச்சுப் போய்க்கலாம். உள்ள போனா அந்தஸ்து பாத்துத்தான் எடம். பெரிய மனுசங்களுக்கு முன் வரிசை, ஏழைக்கும் பொம்பளைங்களுக்கும் உச்சி.

அந்த வெஸ்பாசியன் இன்னொரு காரியம் பண்ணினான். மூத்திரத்துக்கு வரி போட்டான். சிரிக்காதே, நெசம். தோல் பதனிடறவங்களும் துணி வெளுக்கறவங்களும் பொதுக் கழிப்பெடத்துல இருந்து அதை அள்ளிட்டுப் போவாங்க, அதுக்கு வரி. மகன் டைட்டஸ் என்னப்பா இது அசிங்கம்னு மொகத்தைச் சுளிக்க, வரியில வந்த காசை அவன் மூக்குக்கு நேரா நீட்டி, நாத்தம் அடிக்குதான்னு கேட்டானாம் அப்பன். உனக்கும் அங்க அவசரம் வரும், பொதுக் கழிப்பெடத்தைத் தேடினா காசு கேப்பாங்க. அதே காசுக்குக் கொஞ்சம் மேல போட்டு ஒரு காப்பிக் கடையில நொழைஞ்சு, நின்னுட்டே ஒரு எஸ்பிரெஸோ குடிச்சுட்டு, அவங்க கக்கூசுக்குப் போய்ட்டு வந்துரு. நின்னுட்டேங்கறதை மறந்துராதே. மேசையில உக்காந்தா அதே காப்பிக்கு வேற வெலை. மத்தியானச் சோத்துக்குப் பொறவு கப்புச்சினோ கேட்டா மாத்திரம் கடைக்காரன் உன்னையை ஏற எறங்கப் பாப்பான். குடுப்பான், ஆனா மனசுக்குள்ள உன்ற வம்சத்தையே எடை போட்டுருவான்.

கொலோசியத்தை உட்டு வெளிய வந்தா பழைய ஊரு, ஃபோரம். ஒடைஞ்ச தூணு, பாதிச் சொவரு, மொட்டை வாசப்படி. எல்லாரும் சீசரை எரிச்ச எடம் எங்கன்னு தேடுவாங்க, நீயும் தேடு. அப்புடியே பக்கத்துல மூணு பெரிய வளைவு மட்டும் வானத்துக்கு நிக்கும், மாக்சென்டியஸ் கட்ட ஆரம்பிச்சு கான்ஸ்டன்டைன் முடிச்ச மண்டபம். 4ஆம் நூற்றாண்டு. அதுக்கு முன்னால சித்த நேரம் நில்லு. அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னா, மிளகுக் கிடங்கு. 1ஆம் நூற்றாண்டு கடைசியில டொமிஷியன் ராசா கட்டினது. ஹோரியா பிபெரட்டாரியான்னு பேரு. நம்ம மேக்கால மலையில வெளைஞ்சு, முசிறித் துறையில கப்பலேறி, செங்கடல் தாண்டி, ஒட்டகத்து மேல ஏறி, நைல் ஆத்துல எறங்கி, மறுக்காக் கப்பலேறி வந்த மிளகு. அது அந்த ஊரு நட்ட நடுவுல, ராசாக்க நடமாடற பாதையோரத்துல குமிஞ்சு கெடந்துச்சு. வெள்ளலூர்லயும் கரூர்லயும் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்ட காசு எடுத்தாங்களே, அதெல்லாம் அந்தப் பக்கம் இருந்து வந்த காசுதான்.

கேளு, இன்னும் இருக்குது. கி.பி. 408ல அலாரிக்னு ஒரு கோத்துத் தலைவன் ரோமாபுரியை வளைச்சுக்கிட்டான். உடோணும்னா இன்ன இன்ன குடுன்னு ஒரு பட்டியல் போட்டான். தங்கம் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல், பட்டு அங்கி 4,000. அதோட மிளகு 3,000 ராத்தல்! ஊரைக் கொள்ளையடிக்க வந்தவன் மளிகை லிஸ்டும் சேத்துக் குடுத்திருக்கறான். அவனும் பட்டியல்காரன், நீயும் பட்டியல்காரன். அவன்ற பட்டியலைப் பாத்தா அவனுக்கு என்ன வேணும்னாவது தெரியுது.

ஃபோரத்துக்குள்ள இன்னொண்ணு பாக்கோணும், அதை வழிகாட்டி யாரும் நின்னு சொல்ல மாட்டாங்க. வட்டமா ஒரு சின்ன மேடை மாத்திரம் மிச்சம். குளோவாசினா அம்மன் கோயிலு. சாக்கடைக்கு அம்மன்! அந்தப் பள்ளமெல்லாம் ஒரு காலத்துல சதுப்பு. கி.மு. 6ஆம் நூற்றாண்டுல டார்குவின் வம்சத்து ராசாக்க வடிகால் வெட்டி உட்டதுக்குப் பொறவுதான் அங்க மனுசன் காலே வெச்சான்னு சொல்லுவாங்க. குளோவாக்கா மாக்ஸிமா, பெரிய சாக்கடை. மொதல்ல தெறந்த வாய்க்காலு, பொறவு மேல வளைவு கட்டி மூடினாங்க. வடிகால் இல்லாட்டி ஃபோரம் இல்லை, ஃபோரம் இல்லாட்டி சீசரும் இல்லை, கத்திக்குத்தும் இல்லை. அதுக்கு ஒரு அம்மன் வெச்சுக் கும்புட்டதுல என்ன தப்பு?

அந்தச் சாக்கடை ஆத்துல போய்ச் சேர்ற வாயையும் பாத்துரு. டைபர் ஆத்துல பலத்தினோப் பாலத்து மேல நின்னு கரையை எட்டிப் பாத்தா கல்லு வளைவு ஒண்ணு தெரியும். பக்கத்துலயே ஒடைஞ்சு போன பழைய பாலம் ஒத்தை வளைவோட ஆத்து நடுவுல நிக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. அந்தச் சுத்துவட்டாரமே பழைய மாட்டுச் சந்தை, ஃபோரம் போவாரியும். வட்டமா ஒரு பளிங்குக் கோயிலு, ஹெர்குலிஸுக்குக் கட்டினது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு. சந்தைக்கு மாடு ஓட்டியாறவன் சாமி கும்புட்டுட்டு வெலை பேசியிருப்பான். அந்த எடத்துல நின்னப்ப எனக்கு ரொம்ப நாள் பழகின ஊரு மாதிரி இருந்துச்சு. சித்தப்பன்தான் வா வான்னு கையைப் புடிச்சு இழுத்தான்.

அங்கயே ஒரு கோயில் தாவாரத்துல நீள வரிசை நிக்கும். சத்திய வாய்னு ஒரு கல்லு மொகம், ஒண்ணேமுக்கால் மீட்டர் அகலம், வாய்க்குள்ள கையை உட்டுப் பொய் சொன்னா கடிச்சுருமாம். 1953ல ரோமன் ஹாலிடே படம் வந்ததுல இருந்து அந்தக் கல்லுக்கு மவுசு. அது பழைய காலத்துச் சாக்கடை மூடியா இருக்கும்னு படிச்சவங்க சிலரு சொல்றாங்க. அப்புடின்னா பாத்துக்கோ, உலகத்துல எல்லா நாட்டுல இருந்தும் ஏரோப்ளேன் ஏறி வந்து, வெய்யில்ல வரிசையில நின்னு, சாக்கடை மூடிக்குள்ள கையை உடறாங்க. நீயும் உட்டுப் பாரு. பத்தொம்பது எடமும் பாத்துட்டேன்னு மாத்திரம் அங்க சொல்லாதே.

மத்தியானம் பசிக்கும். செலைக்குப் பக்கத்துல, நாலு பாஷையில போட்டோவோட அட்டை வெச்சு, வாங்க வாங்கன்னு கையைப் புடிக்கற கடையில தின்னா, போட்டோ ருசியாத்தான் இருக்கும். கால்ல தெம்பு இருந்தா ஆத்தோரமாத் தெக்கால நடந்து டெஸ்டாச்சோவுக்குப் போ. பழைய கசாப்புக் கூடம் இருந்த பகுதி. நல்ல கறியெல்லாம் பெரிய மனுசங்க ஊட்டுக்குப் போக, குடலு, வாலு, ஈரலு மிச்சம் தொழிலாளிக்கு. அதை வெச்சே ஒரு சமையலை உண்டாக்கிட்டாங்க. திரிப்பான்னு கேளு. தக்காளியில வேகவெச்ச குடலு, மேல சீஸைத் துருவிப் போட்டு வரும். உங்கம்மா குடல் கொழம்பு வெச்சா மூக்கைப் புடிச்சுட்டு ஓடறவன், அங்க அதையே இத்தாலிப் பேருல தின்னுட்டு வந்து ஆகா ஓகோங்கப் போறே. தின்னு.

அந்தப் பக்கத்துல ஒரு குன்னு இருக்குது. புல்லு மொளைச்சு, பாத்தா சாதாரணக் கரடு. சுமார் 35 மீட்டர் ஒசரம். ஆனா அது மலையல்ல கண்ணு, ஒடைஞ்ச பானை ஓடு. ஸ்பெயின்ல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடியை எல்லாம், எண்ணெயை ஊத்திட்டு ஒடைச்சு அடுக்கியிருக்கறாங்க. அஞ்சு கோடிச் சாடிக்கு மேல இருக்கும்னு கணக்குப் போட்டிருக்கறாங்க. நாத்தம் வராம இருக்கச் சுண்ணாம்பு தூவித் தூவி, வரிசை வரிசையா அடுக்கினது. குப்பை போடறதுக்கும் ஒரு மொறை. மேல ஏற முன்கூட்டி அனுமதி வாங்கோணும். கீழ இருந்து பாத்தாலும் போதும்.

பொறவு வெய்யில் ஏறும். எங்கயாவது காலை நீட்டோணும்னு இருக்கும். இப்பத்தான் உக்கார்ற கதை வருது. ஸ்பானிஷ் படிக்கட்டுன்னு உன்ற பட்டியல்ல ஏழாவதா இருக்குதல்ல, 135 படி. அத்தனை படியைப் பாத்தா எந்தக் கெழவனுக்கும் உக்காரத்தான் தோணும். 2019ல இருந்து அதுல உக்காரக் கூடாதுன்னு சட்டம். உக்காந்தா 250 யூரோ, அழுக்குப் பண்ணினா 400 வரைக்கும் தண்டம். போலீஸ்காரி ஊதலை ஊதி எழுப்புவா. பிரெஞ்சுக்காரன் எழுதி வெச்ச பணத்துல, இத்தாலி மண்ணுல, 1720கள்ல கட்டின படி. எதுத்தாப்புல ஸ்பெயின் தூதர் ஊடு இருந்ததால பேரு ஸ்பெயினுக்கு. காசு போட்டவன் பேரு இல்லாத படியில, காசு குடுத்தாத்தான் நீ உக்கார முடியும்.

அதனால உக்கார்றதுக்கு என்ற வழி கோயிலு. சர்ச்சு தெருவுக்கு ரெண்டு இருக்குது, பெஞ்சு இருக்குது, குளுமை இருக்குது, பெரும்பாலும் சும்மா உடுவாங்க. அரை டவுசரு மாத்திரம் வேண்டாம், முழங்காலும் தோளும் மூடியிருக்கோணும். மத்தியானத்துல பல கோயிலு நடை சாத்திருவாங்க, சாயங்காலம் தெறப்பாங்க. சான் லூயிஜி கோயிலுக்குப் போனா, இருட்டு மூலையில கரவாஜ்ஜோன்னு ஒரு சித்திரக்காரன் வரைஞ்ச மத்தேயு படம் மூணு இருக்குது. பாக்கோணும்னா பொட்டியில காசு போடோணும், போட்டா சித்த நேரம் வெளக்கு எரியும், அணைஞ்சுரும். நீ தூணோட தூணா நில்லு. எவனாவது வெள்ளைக்காரன் போடுவான். அணைஞ்சாலும் நகராதே, இன்னொருத்தன் வருவான். அதைத் தாண்டிச் சித்த தூரத்துல சான்ட் அகஸ்தீனோ. அங்கயும் அவன் படம் ஒண்ணு. மாதா வாசப்படியில நிக்கறா, ஏழைக் கெழவனும் கெழவியும் மண்டி போட்டுக் கும்புடறாங்க. கெழவன்ற உள்ளங்கால் நம்ம மூஞ்சிக்கு நேரா, அழுக்கோட. 1600கள் தொடக்கத்துல வரைஞ்சது, அன்னைக்கு அந்தக் காலைப் பாத்து ஊரே கூச்சல் போட்டுச்சாம். நாளெல்லாம் நடந்துட்டுப் போய் அதுக்கு முன்னால உக்காந்தேன். ரோமாபுரியில எனக்குச் சொந்தக்காரன் அவன் ஒருத்தன் இருந்தான்.

பாந்தியன்னு ஒரு பழைய கோயிலு, 2023ல அதுக்கு 5 யூரோ டிக்கெட்டு வெச்சாங்க. குடு, தப்பில்லை. நெத்தியில அக்ரிப்பா கட்டினான்னு பெருசா வெட்டியிருக்கும். அவன் கட்டினது எரிஞ்சு போச்சு, இப்ப நிக்கறது ஹேட்ரியன் ராசா காலத்துல 2ஆம் நூற்றாண்டுல கட்டினது. ஆனா பழைய ஆள் பேரையே உட்டு வெச்சிருக்கறான். பஸ் ஸ்டாப் நெழல்கொடைக்கு வெள்ளையடிச்சாலே பேரை மாத்தற ஊர்ல பொறந்தவன் நான், கொஞ்ச நேரம் வாயைப் பொளந்துட்டு நின்னேன். உள்ள, குவிமாடம் 43.3 மீட்டர் அகலம், தரையில இருந்து உச்சிக்கும் அதே அளவு. கம்பி ஒண்ணு கூட இல்லாத கான்கிரீட்டு. உச்சியில பெரிய ஓட்டை, மழை நேரா உள்ள உழும். எல்லாரும் மேல பாப்பாங்க. நீ கீழ பாரு. தரை நடுவுல துளியூண்டு ஒசந்து, வாட்டம் குடுத்து, சின்னச் சின்ன ஓட்டை வெச்சுத் தண்ணியை இழுத்துக்கறான். நம்ம ஊட்டு மொட்டை மாடிக்கு வாட்டம் பாக்கத் தெரியாத அந்த மேஸ்திரியை ஒரு நாள் அங்க கொண்டு போய் உட்டுட்டு வரோணும்.

பக்கத்துல நவோனா. நீளமா இருக்கும், பழைய ஓட்டப் பந்தய மைதானம். நடுவுல பெர்னினிங்கற சிற்பி 1651ல முடிச்ச நாலு ஆத்து நீரூத்து. நைலு, டான்யூப்பு, லா பிளாட்டா, நாலாவது நம்ம கங்கை! தாடி வெச்ச ஆம்பளையா, கையில துடுப்போட உக்காந்திருக்கறா கங்கை. கங்கா மாதாவை நம்ம ஆளுங்க போய்ப் பாத்தா என்ன சொல்லுவாங்களோ. அவ மாத்திரம் உக்காந்திருக்கலாம், தண்டம் இல்லை.

ட்ரெவி நீரூத்துக்குப் பொழுதோட போ. நிக்க எடம் இருக்காது, அதனாலதான் போகச் சொல்றேன், கூட்டம் புடிக்கும்னு சொன்னயல்ல. நீரூத்தை 1762ல முடிச்சாங்க, ஆனா அந்தத் தண்ணி கி.மு. 19ல வந்தது. அதே அக்ரிப்பா கொண்டாந்த வாய்க்காலு, அக்வா விர்கோ. சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்ணுக்கு அடியில. அத்தனை தூரத்துக்கு எறக்கம் 4 மீட்டர் அளவுதான்னு சொல்றாங்க. எந்த மட்டப்பலகையை வெச்சுப் பாத்தானோ! அந்தத் தண்ணிதான் ஸ்பானிஷ் படிக்கட்டுக்குக் கீழ இருக்கற படகு நீரூத்துக்கும் போகுது. அங்க அழுத்தம் பத்தலை, தண்ணி மேல பீச்சாது. அதனால பெர்னினியோட அப்பன் பாதி முழுகின படகைச் செஞ்சு தரைமட்டத்துலயே வழிய உட்டுட்டான். கடைமடைக்காரனுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

ட்ரெவியில முதுகைக் காட்டி நின்னு, இடது தோளுக்கு மேல காசு போட்டா மறுபடி ரோமாபுரிக்கு வருவேம்பாங்க. அந்தக் காசை அள்ளி ஏழைங்களுக்குச் செலவு பண்ற தர்ம நிறுவனத்துக்குக் குடுக்கறாங்க, வருசத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல சேருது. போடு. முதுகைக் காட்டறப்ப பாக்கெட்டை மாத்திரம் ஒரு கையால புடிச்சுக்கோ, இல்லாட்டி மிச்சக் காசை வேற ஒருத்தன் தர்மத்துக்கு எடுத்துட்டுப் போயிருவான்.

ராத்திரிக்கு கச்சியோ ஏ பேப்பேன்னு ஒரு பாஸ்தா கேளு. ரோமாபுரிச் சமையலு. செம்மறிப் பால் சீஸு, மிளகு, பாஸ்தா வெந்த தண்ணி, அவ்வளவுதான். கிரீமு போடுன்னு சொல்லிராதே, சமையக்காரன் கரண்டியோட வெளிய வந்துருவான். அதுல மிளகு நல்லாத் தூக்கலா இருக்கும். 1ஆம் நூற்றாண்டுல ப்ளினின்னு ஒரு பெரியவரு மிளகைப் பத்திப் பொலம்பியிருக்கறாரு. பழமாட்டம் இனிக்கவும் மாட்டேங்குது, பாக்கவும் அழகில்லை, உறைப்பு ஒண்ணுக்காகத் தங்கமாட்டம் எடை போட்டு வாங்கறோமே, இந்தியா வருசா வருசம் 5 கோடி செஸ்டர்ஸுக் காசு நம்மகிட்ட இருந்து உறிஞ்சுதேன்னு.

பொறவு பில்லு வரும். அதுல நீ கேக்காம வெச்ச ரொட்டிக்கும் ஒரு வரி இருக்கும். மொறைக்காமக் கட்டு. அவிய பாட்டனுங்க மிளகுக்குக் குடுத்த காசுல ஒரு தட்டு வெலையாவது திரும்பிப் போகட்டும். டிப்ஸு மாத்திரம் வெக்க வேண்டியதில்லை, அங்க அது கட்டாயமில்லை.